மைக் எந்த ஊரில் இருக்கிறது?

அமெரிக்காவின் சின்ன ஊர்க் கிறிஸ்தவ வானொலிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "எத்தனை பேர் கேட்கிறார்கள்?" என்பதுதான் பலருக்கும் முதல் கேள்வி. அவற்றின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொரு கேள்வி. மைக் எந்த ஊரில் இருக்கிறது?

தொடக்கமே ஓர் உள்ளூர் ஆலயத்தில்தான். 1921 ஜனவரி 2 அன்று பிட்ஸ்பர்க் கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் மாலை ஆராதனையை கேடிகேஏ நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. நிலையம் தொடங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூத்த போதகருக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லாததால் உதவிப் போதகர் பிரசங்கம் செய்தார். சபையாரின் கவனம் சிதறக் கூடாதென்று தொழில்நுட்பப் பணியாளர்களுக்குப் பாடகர் அங்கியை மாட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் யூதர். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

அப்புறம் கிறிஸ்தவ நிறுவனங்களே நிலையங்களைத் தொடங்கின. செயின்ட் லூயிஸில் லூத்தரன் இறையியல் கல்லூரியின் கேஎஃப்யூஓ 1924-ல் வந்தது. சிகாகோவில் மூடி வேதாகமக் கல்லூரியின் டபிள்யூஎம்பிஐ 1926-ல் வந்தது.

பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது சின்ன ஊர்களுக்குப் பெரிய வாசல். விளம்பரம் விற்க முடியாது. நேயர்களின் காணிக்கையில்தான் ஓட வேண்டும். அதனாலேயே நிலையம் ஊரைச் சார்ந்திருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவர் தன் சொந்தச் சபையின் ஆராதனையைக் கேட்டார். ஜெபக் குறிப்பில் வரும் பெயர் தெரிந்தவருடையதாக இருந்தது. பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் அதையும் சொன்னார்கள். இதுவும் ஊழியம்தான் என்பேன்.

ஓரிடத்து நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள் வழியாகப் பல ஊர் நிலையங்களுக்கு அனுப்ப முடிந்தபிறகு நிலைமை மாறியது. 1982-ல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ஒற்றை நிலையமாகத் தொடங்கியதுதான் இன்று நாடு முழுவதும் ஒலிக்கும் கே-லவ் என்ற கிறிஸ்தவப் பாடல் வானொலி வலையமைப்பு. அதன் பாடல்களால் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செலவைத் தாங்க முடியாத ஊர் நிலையம் இப்படியொரு வலையமைப்பின் கைக்குப் போனால், பெரும்பாலும் ஒலிபரப்புக் கோபுரம் மட்டுமே ஊரில் மிஞ்சுகிறது. நிலையம் தன் ஊரிலோ அருகிலோ ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வணிக நோக்கமற்ற வலையமைப்புகள் முன்பே விலக்குப் பெற்று வந்தன. 2017-ல் வானொலி உரிமங்களை வழங்கும் அரசு ஆணையமான எஃப்சிசி அந்த விதியையே எல்லோருக்கும் நீக்கிவிட்டது. எனக்கு இது பெரிய தவறாகவே படுகிறது. உரிமம் ஊரின் பெயரில். பேசுகிறவரோ அந்த ஊரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்.

இதற்கு நேர்மாறாக, 2000-ல் உருவான குறைந்த சக்திப் பண்பலை எனக்கு நம்பிக்கை தருகிறது. 100 வாட் மட்டுமே. ஐந்தாறு கிலோமீட்டர் கேட்கும். உரிமம் உள்ளூர் அமைப்புகளுக்குத்தான். சின்னச் சபைகளும் வாங்கி நடத்துகின்றன.

காணிக்கை கொடுக்கிற விசுவாசிகள் நிலையத்திடம் ஒன்று கேட்டால் போதும்: எங்கள் ஊரிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரமாவது யாராவது பேசுகிறார்களா? நிலையத்தை விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வலையமைப்பின் விலையை ஒப்புக்கொள்ளும் முன் அந்த ஊர்ச் சபைகளைக் கூப்பிட்டு ஒருமுறை கேளுங்கள். தனியாக முடியாததை நான்கு சபைகள் சேர்ந்து நடத்தலாம்.