மணல் எங்கே என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன பதிவில் எழுதிவிட்டேன், படமும் போட்டிருக்கிறேன். ‘கடற்கரை’ என்று தலைப்பு கொடுத்த போட்டியில் எங்கள் தெருப் பெண் கருங்கல் குவியலையும் அதன்மேல் காய்கிற வலையையும் வரைந்தாள். நடுவர் தாளைத் தூக்கிப் பார்த்து, “கடற்கரைன்னா மணல் இருக்கணுமே கண்ணு, மணல் எங்கே?” என்றார். ஆறாவது படிக்கிற பிள்ளை என்ன சொல்லும்? தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் பரிசு தென்னை மரத்துக்குப் போனது. வடசென்னைக் காசிமேட்டில் தென்னந்தோப்பு! பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, கீழே ‘மாலை நேரம்’ என்று வேறு எழுதியிருந்தது. நம் ஊரில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. அதையாவது கவனித்திருக்கலாம். பரிசு வாங்கிய பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணல் எங்கே? மெரினாவில் இருக்கிறது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். 1875-ல் சென்னைத் துறைமுக வேலை ஆரம்பித்தது, 1881 புயலில் சுவர் உடைந்தது, மறுபடி கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர் வடக்கே வர வேண்டிய மணலை மறித்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்று கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. எங்கள் ஆயா வலை காயப்போட்ட இடம் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரை லாரி லாரியாகக் கல்லைக் கொட்டினார்கள். ஆக, அந்தப் பெண் வரைந்த கல்தான் எங்கள் கடற்கரை. அவள் தப்பாக வரையவில்லை.

“ஓவியம் என்றால் அழகுணர்ச்சி வேண்டாமா?” என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். வேண்டும் சார். ஸ்பெயினில் வலென்சியா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே பிறந்த சொரோயா, கடற்கரை வெயிலை அவரைப் போல வரைய ஆளில்லை என்று பேர் வாங்கியவர். 1894-ல் அவர் வரைந்த ஒரு படத்தில் கடலும் இல்லை, மணலும் இல்லை. படகின் அடி அறை. அடிபட்டுச் சாய்ந்து கிடக்கிறான் ஒரு பையன். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு பதக்கம். இரண்டு பெரியவர்கள் அவனைத் தாங்கிக் காயத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் அன்றைக்குப் பிடித்த மீன். படத்தின் பேர், ‘இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்களே!’ மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நடுவர் பார்த்திருந்தால் மணல் எங்கே என்று கேட்டு ஆறுதல் பரிசுகூடக் கொடுத்திருக்க மாட்டார்.

மீன் விலை என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் எம்ஆர்பி பார்த்து வாய்மூடிக் காசு கொடுக்கிறவர்கள், எங்கள் அம்மா கூறு கட்டி வைத்த சங்கராவுக்கு மட்டும், “இன்னாம்மா இவ்ளோ சொல்ற?” என்பார்கள். அதே ஆட்கள்தான் சாயங்காலம் கடலோரம் நின்று போட்டோ எடுத்து ‘அமைதி’ என்று போடுவார்கள். சரி, விடுங்கள்.

“குழந்தைகள் போட்டிக்கு எதற்கு இவ்வளவு சீன்?” இது இன்னொருவர். ஏனென்றால் எனக்கும் இது நடந்திருக்கிறது. பதினெட்டு வயதில் ஓவியம் படிக்கலாம் என்று போனேன். எந்த இடம் என்று வேண்டாம். கையில் இருந்ததெல்லாம் படகு மூக்கு, டீசல் கேன், ஐஸ் பெட்டி, ஏலக் கூட்டம். பார்த்தவர், “டெக்னிக் இருக்கு தம்பி, ஆனா சப்ஜெக்ட் அழுக்கா இருக்கே” என்றார். அழுக்கு. இருபத்திரண்டு வருஷமாகியும் அந்தச் சொல் போகவில்லை.

அப்புறம் படகில் பேர் எழுதப் போனேன். சும்மா இல்லை அது. உப்பு பூத்த பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்து, முன்பக்கம் வளைகிற இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ‘அன்னை’ நசுங்கித் தெரியும். இதையெல்லாம் எவரும் ஓவியம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

“எல்லாவற்றிலும் அரசியல்” என்றவருக்கு: 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது எங்கள் ஆட்கள் கையால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். நான் எழுதிய பேரெல்லாம் கறுப்புக்கு அடியில் போனது. அதை ஒரு பிள்ளை வரைந்தால் என்ன கேட்பீர்கள்? நீலம் எங்கே என்றா?

“வேற வேலையே இல்லையா உனக்கு?” இல்லை. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளில் விசைப்படகெல்லாம் கரையேறும்போதுதான் எனக்கு வேலை. இப்போது சும்மாதான் இருக்கிறேன், எத்தனை பேர் வந்தாலும் பதில் சொல்வேன்.

அந்தத் தென்னை மரப் படத்துக்கு ஹார்ட் போட்டவர்களில் என் தம்பியும் ஒருத்தன். அவனிடம் வீட்டில் பேசிக்கொள்கிறேன்.