கோவையோடு நின்றுவிடவில்லை
கோவையின் தொழில் மேதை ஜி.டி.நாயுடுவின் கொடை கோவையைத் தாண்டவில்லை, தென்கோடி கிராமங்களுக்கு அதில் பங்கில்லை என்று அவரைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி வருகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரன். 1937-ல் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் கோவை பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார்களே, அந்தத் தொழில் வளர்ந்துதான் எங்கள் ஊர்க் கிணறுகளுக்கும் மோட்டார் வந்தது. என் பெரியப்பா எட்டாவதோடு படிப்பை விட்டு, பீளமேட்டில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை (காயில்) சுற்றப் பழகி, 1971-ல் ஊர் திரும்பினார். ரப்பர் ஷீட் காயும் கொடிக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு, எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய கம்பியை உருவுவார். வார்னிஷ் வாசம் தெருமுனை வரை வரும். பழக வந்த பையன்களிடம் காசு வாங்கியதே இல்லை. 'எனக்கு அங்க யாரும் காசு கேக்கலியே' என்பார். எனக்கு முன் கருத்து எழுதிய ஒரு நண்பர், 1945-ல் நாயுடு முன்னின்று தொடங்கிய பொறியியல் கல்லூரியைச் சொல்லியிருக்கிறார். சரிதான், ஆனால் நாலு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடிக்கலாம் என்று வாதாடி, அரசு கேட்காததால் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவியையே விட்டவர் அவர். கையால் செய்து சீக்கிரம் கற்றுக்கொள் என்ற அந்தப் பிடிவாதம்தான் பெரியப்பாவின் பெஞ்சு வரை வந்தது. அவரிடம் பழகிய இரண்டு பேர் இன்றும் திருவட்டாறில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டிங் கடை வைத்திருக்கிறார்கள்.