கழுத்து எம்ஆர்ஐ நார்மல் என்றால்?

கழுத்து எம்ஆர்ஐ நார்மலாக வந்தால் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் (கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நசுங்கும் நோய்) இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி முடிவு கட்டிவிட முடியாதுங்க.

கழுத்து எம்ஆர்ஐ முக்கியமாகப் பார்ப்பது முதுகெலும்பு, டிஸ்க், தண்டுவடம். அதனால் டிஸ்க் கோளாறைத் தேட அது நல்ல படம்தான். இந்த நோயில் நரம்போ ரத்தக்குழாயோ நசுங்குவது வேறு இடத்தில்: காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே, அல்லது அதற்குச் சற்று மேலே கழுத்துத் தசைகளுக்கு இடையில். அதிலும் கையைத் தூக்கும்போதுதான் அந்த இடைவெளி நன்றாகக் குறுகும். கையைப் பக்கவாட்டில் வைத்துப் படுத்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் கையை இறக்கியும் தூக்கியும் இரண்டு நிலையிலும் படம் எடுக்கிறார்கள். (தூக்கிய நிலையில் ஆரோக்கியமானவர்களுக்கும் ஓரளவு குறுகும்; மருத்துவர் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.) சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருந்து இந்த நசுக்கத்துக்குக் காரணமாகலாம்; அது சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ரிப்போர்ட்டில் ‘டெக்னிக்’ பகுதியைப் பாருங்கள்: எந்தப் பகுதியை எடுத்தார்கள், கை எந்த நிலையில் இருந்தது? எழுதியில்லை என்றால் ஸ்கேன் சென்டரில் கேட்கலாம். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி (ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களின் அமைப்பு) இந்த நோய்க்கென்றே வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டியும் இணையத்தில் இருக்கிறது.