புது டாட்டூவில் மஞ்சள் பூச வேண்டாம்

'புது டாட்டூவில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசினால் 3 நாளில் ஆறிவிடும், பொருக்கை உரித்தால் நிறம் பளிச்சிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

டாட்டூ என்பது ஊசி குத்திய புண். மேல்தோல் மூடவே 2 முதல் 3 வாரம் ஆகும். சமையல் மஞ்சள் கிருமி நீக்கியதல்ல; தொற்று வரலாம். பொருக்கை உரித்தால் மையும் சேர்ந்து பெயரும், திட்டுத்திட்டாக வெளிறும், தழும்பும் நிற்கலாம். அரித்தால் சொறியாதீர்கள்.

கையைக் கழுவிவிட்டு, வாசனையில்லாத சோப்பால் தினம் 2 முறை டாட்டூவைக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பிவைத்தால் தோல் ஊறிப்போகும். ஆறும்வரை நீச்சல்குளம், கடல் கூடாது. சிவப்பு பரவினாலோ சீழ், காய்ச்சல் வந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். சந்தேகத்தையும் அவரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.