பனி படிந்த டெலஸ்கோப் லென்ஸைத் துடைக்கலாமா?

"மார்கழிக் குளிரில் டெலஸ்கோப் லென்ஸில் பனி படிந்தால் வேட்டித் துணியால் துடைத்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. தயவுசெய்து துடைக்காதீர்கள். பொள்ளாச்சி, உடுமலைத் தோட்டங்களில் பனியோடு புழுதியும் படியும். துணி அதை இழுத்துத் தேய்த்து லென்ஸின் மேல்பூச்சைக் கீறிவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். தெளிந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி வெப்பத்தை இழந்து, சுற்றிலுமுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதே காரணம்.

பனி படியாமல் தடுக்க, கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி டெலஸ்கோப் குழாயின் வாயில் மாட்டுங்கள். அது லென்ஸைத் தாண்டி, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளட்டும்: 80 மி.மீ. லென்ஸுக்கு 120 மி.மீ. பனி படிந்துவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓரடி தள்ளி, அசைத்தபடி காட்டுங்கள். சூடேறினால் பிம்பம் அலையும், சற்று ஆறவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் நன்றாக உலர்ந்த பிறகே மூடி போடுங்கள்.