இரண்டு வார அண்ணன், இரண்டு வார அக்கா

படிப்பு முடிந்ததும் வெளிநாடு போய்க் கொஞ்ச நாள் தொண்டு செய்துவிட்டு வர ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல ஆசைதான். ஆனால் 'இது எப்படி?' என்று கேட்டு எனக்கு அனுப்புகிற விளம்பரங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கம்போடியா, அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியெம் ரீப், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம். இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், மிச்ச நேரத்தில் அங்கோர் வாட் பார்க்கலாம். தயவுசெய்து அதற்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் கூடின. உள்நாட்டுப் போர் ஓய்ந்து பல வருடம் ஆகியிருந்த காலம் அது. அநாதைகள் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள்? அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொன்னது. பள்ளிக்கூடமும் வேளாவேளைக்குச் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்பி வைக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் பிள்ளை இல்லத்தில் இருக்கும்வரைதான் வரும். அப்புறம் அவனை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

எல்லா இல்லமும் வியாபாரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனதோடு நடத்துகிற இடத்திலும், இரண்டு வாரத்துக்கு ஒரு புது அண்ணனும் அக்காவும் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறிப்போனால், ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை பிரிவைத்தான் தாங்கும்?

'அங்கே போனால்தானே அவர்கள் பண்பாடு தெரியும்' என்று ஒரு தங்கை கேட்டாள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில், நம் மகாளய பட்சத்தை ஒட்டி, அங்கே ப்சும் பென் என்ற முன்னோர் திருவிழா வரும். பதினைந்து நாள். செத்துப்போன முன்னோர்கள் பசியோடு வந்து ஏழு விகாரைகளில் தங்கள் பிள்ளைகளைத் தேடுவார்கள் என்பது நம்பிக்கை. விடியும் முன்பே சோற்று உருண்டை பிடித்து எடுத்துப்போவார்கள். நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏப்ரல் நடுவில், நமக்கு வருடம் பிறக்கும் அதே சமயம், அவர்களுக்கும் புத்தாண்டு. தாத்தா பாட்டியை வாசனைத் தண்ணீரில் குளிப்பாட்டி ஆசி வாங்குவார்கள். இதெல்லாம் ஒரு பிள்ளை பாட்டி பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பாட்டி எங்கே? பயணிகள் முன்னால் ஆடுவதற்கு அவர்களுடைய மரபு நடனமான அப்சரா நடனம் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமா? நாம் பார்க்க ஆசைப்படுகிற பண்பாட்டிலிருந்துதான் அந்தப் பிள்ளையைப் பிய்த்து எடுத்திருக்கிறார்கள்.

சரி, போகவே கூடாதா? போங்கள். நீண்ட காலம் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்பும் தொண்டு அமைப்பான பீஸ் கோரின் தன்னார்வலர்கள் 27 மாதம் இருப்பார்கள். முதல் மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி படித்த பிறகுதான் வேலை. அந்த அளவு நேரம் இல்லையென்றால் உங்கள் தொழில் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கீழே வேலை கேளுங்கள்.

இரண்டு வாரம்தான் முடியுமா? சியெம் ரீப்பில் பழைய கெமர் அரசர் ஏழாம் ஜெயவர்மன் பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை. அதை உருவாக்கிய சுவிஸ் மருத்துவர் பெயாட் ரிச்னர் சனிக்கிழமை மாலைகளில் பயணிகளுக்கு செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியம் வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு வயதானவர்களிடம் பணம் கேட்பார், இளைஞர்களிடம் ரத்தம் கேட்பார். அவர் 2018இல் இறந்துவிட்டார். டெங்கு முற்றிய பிள்ளைகளுக்கு ரத்தத் தேவை இன்னும் இருக்கிறது, நீங்கள் கொடுக்கலாம். சாயங்காலம் அதே ஊரில் நடக்கும் ஃபாரே சர்க்கஸுக்கு டிக்கெட் எடுங்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய ஓவியர்கள் 1994இல் பத்தம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு போகிறது. மேடையில் ஆடுபவர்கள் அங்கே முறையாகப் பயிற்சி எடுத்து, இப்போது சம்பளம் வாங்கும் கலைஞர்கள்.