இடது பெடலை அப்படிக் கழற்றாதீர்கள்

வருஷக்கணக்கில் மழையில் கிடந்த பழைய சைக்கிளின் பெடல்களை எப்படிக் கழற்றுவது என்ற கேள்விக்கு, இரண்டையுமே கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும், அசையாவிட்டால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி நெம்ப வேண்டும் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். வலது பெடலுக்கு அது சரி. இடது பெடலில் இருப்பது எதிர்மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்க தானாகவே கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இது தெரியாமல் பைப் போட்டு நெம்பினால் பெடல் இன்னும் இறுகும். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க் அலுமினியமாக இருந்தால் மரையே உரிந்து வந்துவிடும், அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். ஏற்கெனவே அந்த வண்டியோடு மல்லுக்கட்டுபவருக்கு இந்தச் செலவு வேறு எதற்கு?

ஸ்பேனரின் கைப்பிடி மேலே பார்த்து நிற்கும்படி மாட்டுங்கள். எந்தப் பக்கமானாலும் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். பல பெடல்களின் அச்சு நுனியில் இடதுக்கு எல் (L), வலதுக்கு ஆர் (R) என்று பொறித்திருக்கும், துருவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிடித்துப்போயிருந்தால் கிராங்கின் உட்புறம், மரை முடியும் இடத்தில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.